மிச்சம் வந்த ஒரு அட்டை மாத்திரை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஆடிக்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. நெய்வேலிக்குப் பக்கத்தில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். கணவருக்கு அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட் வேலை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். இதை எழுதுவதற்கு முன் சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டேன். "எழுதுங்க நர்சம்மா, பேரு மட்டும் வேணாங்க" என்றார். என் பெயரும் வேண்டாம், எனக்கும் வெட்கம் உண்டு.

அந்த வருடம் சித்திரையில் எங்களுக்குக் கடலூரில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். கருத்தடை முறைகள் என்னென்ன, யாருக்கு எது பொருந்தும், காப்பர்-டி எப்படிப் போடுவது, வந்தவர்களுக்கு எப்படி விளக்கிச் சொல்வது என்று நல்ல பயிற்சி. பிளாஸ்டிக் கருப்பை மாடலை வைத்துக்கொண்டு கை படியும்வரை செய்து பார்த்தோம். நடத்தியவர் என்னைவிட வயதில் சின்ன ஒரு லேடி டாக்டர். முதல் நாளே, "சொல்றதுக்கு முன்னாடி கேளுங்க. அவங்க வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு தெரியாம எந்த முறையையும் கையில குடுக்காதீங்க" என்றார். நான் அதை நோட்டில் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டுக்கொண்டேன். போட்டதோடு சரி.

கடைசி நாள் ஒருவர் நோயாளியாகவும் இன்னொருவர் நர்ஸாகவும் நடித்துக் காட்டவேண்டும். நான் நர்ஸ். ஐந்து நிமிடத்தில் மாத்திரை, ஊசி, காப்பர்-டி, ஆபரேஷன் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். நோயாளியாக நடித்த சக நர்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே கைதட்டல். டாக்டர் மட்டும், "நல்லா பேசுனீங்க சிஸ்டர். அவங்களைப் பேச விட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருந்தது எனக்கு. சான்றிதழை வாங்கிக்கொண்டு, தலைகால் புரியாத பெருமையோடு ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரமே அந்தப் பெண் வந்தார். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கும். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன், இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருடம்கூட இல்லை. சின்னது ஒன்பது மாதம். எடை குறைவாகப் பிறந்து பல நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தை. அது நன்றாகத் தேறி வரட்டும், அதன் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அம்மாவுக்கோ உடம்பில் ரத்தமே இல்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. இப்போதைக்கு இன்னொரு கர்ப்பம் உயிருக்கே ஆபத்து என்று பிரசவம் பார்த்த டாக்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார்.

நான் பயிற்சியில் படித்ததையெல்லாம் அருவியாகக் கொட்டினேன். அவர் இடுப்பில் குழந்தையோடு நின்றபடி தலையாட்டினார். இப்போதைக்கு மாத்திரையே போதும் என்றார். மூன்று மாதத்துக்கு மூன்று அட்டைகள் கொடுத்தேன். "தினமும் ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டதும் போடணும். மறக்கக்கூடாது. புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுதுங்க" என்றார். ரிஜிஸ்டரில் 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆடி பிறந்து அவர் மறுபடியும் வந்தபோது வெளிநோயாளிகள் வரிசை வாசல்வரை நின்றது. என் மேஜைக்கு அருகில் குனிந்து, "நாள் தள்ளிப் போச்சுங்க. நடுவுல ரெண்டு மூணு தடவ கொஞ்சம் கொஞ்சமா பட்டுகினு இருந்துச்சு. இப்ப நாப்பது நாளா ஒண்ணுமே காணல. பயமா கீதுங்க" என்றார். மாத்திரை ஒழுங்காகப் போட்டாயா என்று கேட்டேன். "போட்டேங்க. இன்னும் ஒரு அட்டை மிச்சம்கூட இருக்குங்க" என்று பையிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிற பெண்ணின் சின்னப் பெருமை அந்தக் குரலில் இருந்தது. பிரிக்காத முழு அட்டை.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. மூன்று அட்டையும் தீர்ந்திருக்க வேண்டும். ஒன்று முழுசாக எப்படி மிஞ்சும்?

"தினமும் போடச் சொன்னேனே, போடலையா?" என்று குரலை உயர்த்தினேன். அவர் மிரண்டுபோய், "தினமும்தாங்க போட்டேன். அவரு நைட் ஷிப்டு போற வாரம் மட்டும் போடலைங்க. ராத்திரி வூட்லயே இல்லாதப்ப எதுக்குங்க மாத்திர?" என்றார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி ஆயிடுச்சு. உனக்கு மட்டும் தனியா பள்ளிக்கூடம் வச்சு நடத்தணுமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் பொரிந்து தள்ளினேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று என் மாமியாரே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார். அன்று அது முழுசாகத் திறந்துகொண்டது. பிறகு, சரி, போய் யூரின் பிடித்துக்கொண்டு வா, டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்றேன்.

அவர் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்தேன். நேராக வாசலைத் தாண்டிப் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. 'போகட்டும், தேவையென்றால் தானே வருவாள்' என்று அடுத்த வேலையைப் பார்த்தேன். அந்த அட்டை மட்டும் மேஜையிலேயே கிடந்தது. எதற்கோ அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

என் கணவருக்கும் அது நைட் ஷிப்ட் வாரம். நான் வீட்டுக்குப் போனபோது அவர் அப்போதுதான் தூங்கி எழுந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. மாதாமாதம் மாத்திரை வாங்கி வைப்பது என் பொறுப்பு. புது மாத்திரைகளை டப்பாவில் வைக்கப் போனால் பழைய அட்டையில் ஏழெட்டு மாத்திரை மிச்சம் இருந்தது. என்ன இது என்று கேட்டேன்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்னு நீதானே எழுதி வச்சிருக்கே? நைட் ஷிப்ட்ல நான் வீட்டுல எங்க ராத்திரி சாப்பிடறேன்? கேன்டீன்ல ரெண்டு பன்னு, ஒரு டீ. அது சாப்பாடா?" என்றார்.

என் கணவர் டிப்ளமோ படித்தவர். இருபது வருடமாக நர்ஸோடு குடும்பம் நடத்துகிறவர். சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு வாரத்துக்கும் என்ன ஷிப்ட் என்று நானே என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். நைட் வாரம் என்றால் பகலில் மிக்ஸி போடுவதில்லை, குக்கர் விசில் கிடையாது, விருந்தாளியை வரச் சொல்வதில்லை, பிள்ளைகள் சண்டை போடுவதானாலும் மொட்டை மாடியில்தான் போடவேண்டும். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் கடிகாரம் சொல்வது நேரமில்லை, ஷிப்ட்தான் நேரம். இதிலேயே பிறந்து, இதிலேயே வளர்ந்து, இதிலேயே வாழ்க்கைப்பட்ட நான், ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவியிடம் போய், 'தினமும் ராத்திரி' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உனக்கு எது தினம், எது ராத்திரி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்த லட்சணம் இதுதான். நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட வரி கண் முன்னால் வந்து நின்றது.

அந்தப் பெண் வெளுத்த முகத்தோடு வாசலைத் தாண்டிப் போனதும் நினைவுக்கு வந்தது. இப்போதுதான் பயம் வந்தது. டெஸ்ட்கூடச் செய்யாமல் போன பெண் சும்மா இருக்கமாட்டாள். எள்ளைத் தின்பாள், பப்பாளியைத் தின்பாள், யாராவது எதையாவது வாங்கிக் கொடுத்தால் அதையும் விழுங்குவாள். இது என் வேலையில் பலமுறை பார்த்தது.

மறுநாள் காலை டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்பே, ரிஜிஸ்டரில் இருந்த விலாசத்தை நினைவு வைத்துக்கொண்டு மந்தாரக்குப்பம் போய்ச் சேர்ந்தேன். கைப்பையில் டெஸ்ட் பண்ணும் கிட் இரண்டு. மாவு மில் ஒன்றை அடுத்த சந்தில், வரிசையாக ஒற்றை அறை வாடகை வீடுகள். கதவைத் தட்டினேன். கதவு ஒரு கையகலம் திறந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. அந்தக் கதவை என் முகத்தில் அடித்துச் சாத்தியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க முடியாது.

ஒருமுறை திரும்பி உள்ளே பார்த்தார். பிறகு உதட்டில் விரலை வைத்து, "அவரு தூங்கிகினு இருக்காரு. சத்தம் போடாம உள்ள வாங்க" என்றார்.

அறையின் பாதியைப் பழைய புடவை ஒன்று திரையாக மறைத்திருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவர். இந்தப் பக்கம் குழந்தைகள் இரண்டும் பாயில். நாங்கள் அடுப்புக்கு அருகில் தரையில் உட்கார்ந்தோம். அதன் பிறகு பேசியதெல்லாம் கிசுகிசுப்பில்தான். உரக்கப் பேசியே பழகிய எனக்கு அதுவே ஒரு பாடம்.

ஜன்னல் விளிம்பில் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு அவரே பிரித்துக் காட்டினார். பெயர் தெரியாதபடி அட்டையிலிருந்து கிழித்தெடுத்த சில மாத்திரைகள். "கலையறதுக்குன்னு தெரிஞ்சவங்க வாங்கியாந்து குடுத்தாங்க. புள்ளைங்களுக்கு இட்லி குடுத்துட்டுப் போட்டுக்கலாம்னு இருந்தேங்க" என்றார். அடுப்பில் இட்லிப் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டு முறை அறுத்துத் தைத்த வயிறு, ரத்தமே இல்லாத உடம்பு. டாக்டர் பார்க்காமல், எத்தனை மாதம் என்று தெரியாமல் அதை விழுங்கி, ரத்தப்போக்கு நிற்காமல் போயிருந்தால்? திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவரை எழுப்பக்கூடாது என்று இந்தப் பெண் வாய்விட்டுக் கத்தக்கூட மாட்டார்.

அந்தப் பொட்டலத்தை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். "நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. தப்பு என்னோடது. சரியா கேட்டுச் சொல்லியிருக்கணும்" என்றேன். என் கணவரின் ரத்தக்கொதிப்பு மாத்திரைக் கதையையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு முடிந்ததும் கண்ணில் நீர். "எல்லாரும் சிரிச்சதுகூடத் தெரியலைங்க. நீங்களும் சிரிச்சீங்க பாருங்க, அதாங்க தாங்கல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சிடும்மா என்றேன்.

பிறகு டெஸ்ட். ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். அந்தக் கிட்டை அம்மிக்கல்லின் மேல் வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் கோடு வந்தது. இரண்டாவது கோடு வந்துவிடக்கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை. சொந்தக் குழந்தையின் பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. ஒரே கோடுதான். கர்ப்பம் இல்லை. மாத்திரையை விட்டு விட்டுப் போட்டதாலும் ரத்தக் குறைவாலும் நாள் தப்பியிருக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்றேன். அவர் இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்துகொண்டார்.

அன்றுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஒரு பெண்ணை முழுசாகப் பேச விட்டேன். வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டேன். எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த வாரம் யார் எப்போது தூங்குவார்கள், ஷிப்ட் மாறும் நாளில் சாப்பாட்டு நேரமே தலைகீழாகிவிடுவது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். மாத்திரை தனக்குத் தோதுப்படாது என்று கடைசியில் அவரேதான் சொன்னார். காப்பர்-டி போட்டால் சிலருக்கு ரத்தப்போக்கு கூடும், உங்களுக்கு ரத்தம் குறைவு, யோசிக்கலாம் என்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பற்றிச் சொன்னேன். மாதவிலக்கு முன்பின்னாக வரலாம், வராமலும் போகலாம், அதற்காகப் பயப்படவேண்டாம் என்று இந்தத் தடவை மறைக்காமல் சொன்னேன்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "உனுக்கு சரின்னு பட்டா அந்த ஊசியவே போட்டுக்கோ. நான் லீவு போட்டு கூட்டிகினு போறேன்."

இருவரும் திடுக்கிட்டோம். அந்த மனிதர் தூங்கவே இல்லை! எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு நாற்பது நாள் விஷயமும் தெரியாது, பொட்டல விஷயமும் தெரியாது. எல்லாவற்றையும் இப்போதுதான் கேட்டிருக்கிறார். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். "நீங்க தூங்கறீங்கன்னு சொல்லல" என்றார் அவர். நாற்பது நாளுமா அவர் தூங்கினார் என்று நான் கேட்கவில்லை. ஷிப்ட்காரர்கள் வீட்டில் அது எப்படி என்று எனக்குத் தெரியும்.

நான்கைந்து நாளில் மாதவிலக்கு வந்துவிட்டது. சொன்னபடியே கணவரோடு வந்து ஊசி போட்டுக்கொண்டார். அடுத்த ஊசிக்குத் தேதி குறித்துக் கொடுத்தபோது மனதுக்குள் ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு அவருக்கு செகண்டு ஷிப்டுங்க. காலையில வந்துடறோம்" என்றார். ஒரு தேதிகூடத் தவறியதில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் கீரையுமாக உடம்பும் தேறியது. சின்னக் குழந்தைக்கு மூன்று வயது முடிந்த பிறகு, போன வருடம், தானே முடிவு செய்து ஆபரேஷன் செய்துகொண்டார்.

நடந்ததை ஒன்று விடாமல் அந்த லேடி டாக்டருக்குப் போனில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இதை நீங்களே வந்து அடுத்த பேட்ச்ல சொல்லுங்க சிஸ்டர்" என்றார். அப்படித்தான் இப்போது பயிற்சியில் அரை நாள் வகுப்பு நான் எடுக்கிறேன். நோயாளியாக நடிக்க இன்னொரு நர்ஸை உட்கார வைப்பதில்லை. அந்தப் பெண்ணைத்தான் கேட்டேன். கூச்சப்படுவார் என்று பார்த்தால், குழந்தைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு கடலூர் பஸ் ஏறிவிட்டார்.

முதல் வகுப்பில் ஒரு சின்ன வயசு நர்ஸ், என்னை மாதிரியே மூச்சு விடாமல், "தினமும் ராத்திரி ஒண்ணு போடணும், புரிஞ்சுதா?" என்று முடித்தார். எதிரில் நோயாளியாக உட்கார்ந்திருந்த அவர் தலையாட்டவில்லை. நிதானமாக, "நைட் ஷிப்டுக்காரரு பொண்டாட்டிக்கு எதுங்க ராத்திரி?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று அவர் என் மேஜையில் வைத்த பிரிக்காத அட்டை, காலாவதியாகி, இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. புதிதாக ஒரு பெண் வந்து எதிரில் உட்காரும்போதெல்லாம் இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பேன். சான்றிதழை எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்திய என்னிடம், "சத்தம் போடாம உள்ள வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டாரே, அந்தப் பெண்ணுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை, எதிரில் வந்து உட்காரும் ஒவ்வொரு பெண்ணிடமும் வாயை மூடிக்கொண்டு முதலில் காதைக் கொடுத்துத்தான் செலுத்திக்கொண்டிருக்கிறேன்.